கருவி யார் கையில்?

இருமல், சளி என்று வைத்தியம் பார்க்கப் போனால் கை நிறைய மாத்திரை கிடைக்கிறது. பல சமயம் அதில் ஆன்டிபயாடிக்கும் ஒன்று. ஆனால் சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. மில்லில் பஞ்சுத் தூசியால் வரும் இருமலையும் அது தீர்க்காது.

காசு மட்டுமா வீண்? தேவையில்லாமல் தின்னத் தின்ன, அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பிறகு உண்மையாகவே நிமோனியா தாக்கும்போது மருந்து கைவிடுகிறது. இத்தகைய பாக்டீரியாக்களால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. வசதியுள்ளவன் விலை உயர்ந்த மாற்று மருந்தை வாங்குவான். கூலிக்காரன் என்ன செய்வான்?

இதற்கு ஒரு வழியை ஆப்பிரிக்காவிலுள்ள டான்சானியா காட்டியிருக்கிறது. 2021-22-ல் அங்கே 40 சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. 20 நிலையங்களில் சிகிச்சை தருவோருக்கு டேப்லெட் என்னும் கையடக்கக் கம்ப்யூட்டர் தரப்பட்டது. நோயுற்ற குழந்தை வந்தால், காய்ச்சல் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அது வரிசையாகக் கேட்கும். விரலில் மாட்டும் கருவியால் ரத்தத்திலுள்ள பிராணவாயுவைப் பார்க்கச் சொல்லும். தேவையானால் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும். அதன் பிறகே மருந்து பற்றி யோசனை கூறும்.

பலன் என்ன? வழக்கம்போல் நடந்த 20 நிலையங்களில் 100 குழந்தைகளில் 70 பேருக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டது. கருவி இருந்த நிலையங்களில் 23 பேருக்குத்தான். ஏழாம் நாள் பார்த்தபோது, குணமாகாதவர் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு: நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. மருந்தைக் குறைத்ததால் குழந்தைகளுக்குக் கேடு நேரவில்லை.

இது கருவியின் வெற்றி மட்டும்தானா? இல்லை. அதோடு பயிற்சி தந்தார்கள், சோதனைச் சாமான்கள் தந்தார்கள், தொடர்ந்து வழிகாட்டினார்கள். வாசலில் நூறு பேர் காத்திருக்க, ஒரே நர்ஸ் அல்லாடும் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம் மூச்சை எண்ண யாருக்கு அவகாசம்? அங்கே கருவி அலமாரியில்தான் தூங்கும். கருவி வந்துவிட்டது, ஆள் எதற்கு என்று சிக்கனம் பேசுவோரை நம்பக்கூடாது. மருந்து விற்கும் கம்பெனியே கருவிக்கு யோசனை எழுதிக் கொடுத்தால், அது யாருக்கு லாபம் தேடும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது: பொது ஆஸ்பத்திரிகளில் கருவி வேண்டும். அதைக் கையாளப் போதிய ஆட்கள் வேண்டும். சோதனை இலவசமாக வேண்டும். கருவி சொல்லும் யோசனைகள் கம்பெனிகளின் பிடியில் அல்ல, பொதுப் பொறுப்பில் இருக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. அதிக மாத்திரை தருபவரே நல்ல டாக்டர் என்ற எண்ணத்தை விடுவோம். கடையில் நாமாக ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம். ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்கினால் ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்!