பார்க்காத படத்துக்குத் துரோகிப் பட்டம்

"ஆமிக்காரனுக்கும் மனசிருக்கெண்டு படமெடுத்தால், அவன் செய்ததெல்லாம் சரியெண்டு ஆகிவிடாதோ?" எங்கள் ஊரான கரம்பொனில் படித்தவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் இன்னும் உரத்துக் கேட்கிறார்கள். இந்த எண்ணம் அடியோடு பிழை.

சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்க' (2012) படத்தையே எடுப்போம். மலையக நகரொன்றில் அடைவுகடை நடத்தும் சிங்களவர் சரத்சிறி. நகை அடைவு வைக்க வருகிறாள் செல்வி, வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண். சகோதரர்களை இராணுவத்திடம் பறிகொடுத்தவள். கலியாணமான பிறகுதான், அவர் முன்னாள் இராணுவத்தினர் என்பது அவளுக்குத் தெரிய வருகிறது. தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவிய படம் இது.

அந்த வீட்டில் மனிதரை விடத் தொலைக்காட்சிதான் அதிகம் பேசுகிறது. சரத்சிறி மல்யுத்தம் பார்க்கிறார். தூக்கி அடிப்பதையும் விழுவதையும் கண் எடுக்காமல் பார்க்கிற அந்த முகத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. அவளுக்கோ தமிழ்ப்படத்தில் ஆசை, இந்தியாவுக்குப் போக ஆசை. நம்மவர்களை உறுத்துவது இந்த ஆசைதான் என்று நினைக்கிறேன். செத்த வீட்டுப் பெட்டை காலமெல்லாம் அழுதுகொண்டே இருக்க வேண்டும். சிரித்தால், விரும்பினால், செத்தவர்களை மறந்துவிட்டாள் என்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இரவில் சீரியல் பார்க்கிற தீவு இது. அவர்கள் எதை மறந்தார்கள்?

உண்மை தெரிந்த பிறகு சரத்சிறி மன்றாடுகிறார். செல்வியால் மன்னிக்க முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை. கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அன்பு கூடக் குற்றத்தைக் கழுவாது என்று இவ்வளவு கடுமையாகச் சொன்ன படத்தையா வெள்ளையடிப்பு என்கிறீர்கள்? அவரை அரக்கனாகக் காட்டியிருந்தால் நமக்குச் சுகமாக இருந்திருக்கும். கேள்வி எதுவும் மிஞ்சியிராது.

2014 ஜூனில் சென்னையில் இந்தப் படத்துக்கு மிரட்டல் வந்தது, காட்சிகள் நின்றன. சிங்களவர் எடுத்த படம் என்பதே போதுமான குற்றமாயிற்று. இதே விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தை 2000இல் தடுத்தது இலங்கை அரசு. இராணுவத்தில் இருந்த மகனின் சவப்பெட்டியை ஒரு கிராமத்துத் தகப்பன் தோண்டிப் பார்ப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே படம் வெளிவந்தது. 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' நீக்கப்பட்டது. அதை எடுத்தவர் தமிழர். எதிரெதிர்த் தரப்புகள் ஒரே வேலையைச் செய்கின்றன, அதுவும் பாதிக்கப்பட்டவர்களின் பெயரால்.

போருக்குள்ளேயே யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியவர். ஊரைப் பிடித்த காயத்தை, இப்படியான படங்களைப் பார்த்து, ஊர் கூடித்தானே பேச வேண்டும்?

தமிழை உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டுப் படித்த தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர் இந்தக் கரம்பொன். இங்கே ஒரு படத்துக்குப் பயப்படலாமா? இளைஞர்களே, வாசிகசாலையில் திரை கட்டி 'ஒப நதுவா ஒப எக்க' படத்தைப் போடுங்கள். முழுக்கப் பார்த்துவிட்டுக் கண்டியுங்கள். அந்தக் கண்டனத்தை நானும் வந்திருந்து கேட்பேன்.