கேரக்டர் உருவாக்கும் சாப்ட்வேர்: நம் சொந்த விதிக்கு அதில் இடம் உண்டா?

கேம்ஸ் என்றவுடன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நினைவுக்கு வருவது கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான். ஆனால் நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பேப்பர், பென்சில், பகடை ஆகியவற்றை மட்டும் வைத்துக் கொண்டு மணிக்கணக்கில் ஆடும் ஒரு விளையாட்டு வகை அமெரிக்காவில் மிகவும் பிரபலம். டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் என்று இதனை அழைக்கின்றனர். இவற்றுள் முன்னோடியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டைக் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974ல் வெளியிட்டனர்.

ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ தன்னைக் கற்பனை செய்து கொள்வார். டஞ்சன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் கதையை நடத்திச் செல்வார். வெற்றியா தோல்வியா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டப்படும். ஒவ்வொருவரின் கையிலும் தன் கதாபாத்திரத்தின் பலம், பலவீனம், ஆயுதம், மந்திரம் எல்லாம் எழுதிய ஒரு தாள் இருக்கும். இதுதான் கேரக்டர் ஷீட். இந்தத் தாளைத் தயாரித்துத் தருவதற்கென்றே இன்று பல சாப்ட்வேர்களும் இணைய தளங்களும் இருக்கின்றன.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அழகான திரையையும், எத்தனை புத்தகங்களின் விதிகள் உள்ளே இருக்கின்றன என்பதையும்தான் பார்க்கின்றனர். என் கருத்து வேறு. நாமே உருவாக்கிய விதியை அந்த சாப்ட்வேர் ஏற்றுக் கொள்கிறதா, ஏற்றுக் கொண்டதை நம் கையில் திருப்பித் தருகிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஹோம்ப்ரூ என்றால் என்ன?

புத்தகத்தில் இல்லாத ஓர் ஆயுதம், ஒரு மந்திரம், ஒரு புதிய இனம் என ஆடுபவர்கள் தாங்களாகவே உருவாக்கிச் சேர்ப்பதை ஹோம்ப்ரூ என்கின்றனர். வீட்டிலேயே தயாரித்த பானம் என்பது இச்சொல்லின் நேரடிப் பொருள். இதை விதிகளை மீறும் செயல் என்று நினைக்க வேண்டாம். இந்த விளையாட்டு வளர்ந்ததே இப்படித்தான். ஆர்னசனின் குழுவில் ஒருவர் வாம்பயராக ஆடி மிகவும் பலம் பெற்றுவிட, அவரைச் சமாளிக்க வாம்பயர்களை வேட்டையாடும் ஒரு மதகுரு உருவாக்கப்பட்டார். அந்த மதகுருவே 1974ல் வெளியான முதல் பதிப்பின் மூன்று கிளாஸ்களில் ஒன்றானார். கிளாஸ் என்பது கதாபாத்திரத்தின் தொழில் பிரிவு. திருடன் என்ற கிளாஸ் முதல் பதிப்பில் கிடையாது. 1975ல் வெளியான இணைப்பு நூலில்தான் அது சேர்க்கப்பட்டது. ஒரு மேஜையில் ஒரு தேவைக்காகச் சேர்த்தது பிறகு அச்சில் ஏறி எல்லோருக்கும் பொதுவாகி விட்டது.

பேப்பரில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. பென்சிலால் எழுதினால் முடிந்தது. கம்ப்யூட்டருக்கு மாறும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சாப்ட்வேரின் மெனுவில் எது இல்லையோ, அது விளையாட்டிலேயே இல்லை என்று ஆகிவிடுகிறது.

குறிப்புப் பெட்டி போதுமா?

"அதற்கென்ன, குறிப்பு எழுதும் பெட்டியில் டைப் செய்து கொள்ளலாமே" என்று சிலர் கூறலாம். அது ஏன் போதாது என்று ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

உங்கள் குழு சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு புதிய இனத்தை உருவாக்குகிறது என்று வைத்துக் கொள்வோம். இந்த இனத்தாருக்கு உடல் உறுதியில் 1 கூடும். இதுதான் விதி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு கதாபாத்திரத்திற்கும் வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என ஆறு அடிப்படைக் குணங்கள் உண்டு. ஒரு குணத்தின் மதிப்பிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால் வருவதே பகடையுடன் சேர்க்க வேண்டிய எண். மதிப்பு 15 என்றால் 2 வரும். 16 என்றால் 3 வரும்.

ஐந்தாம் லெவலில் இருக்கும் ஒருவரின் உடல் உறுதி 15லிருந்து 16 ஆனால், லெவலுக்கு ஒன்று வீதம் அவருடைய உயிர்ப் புள்ளிகள் 5 கூட வேண்டும். விஷத்தைத் தாங்கும் பகடையிலும் 1 கூட வேண்டும். அடுத்த லெவலுக்குச் சென்றால் இதே எண் மீண்டும் ஒருமுறை சேர வேண்டும். குறிப்புப் பெட்டியில் எழுதிய வரி இவற்றில் எதையும் செய்யாது. கூட்டிக் கழிக்கும் வேலை மறுபடி நம் தலையில்தான் விழும். பிறகு சாப்ட்வேர் எதற்கு?

ஆகவே ஹோம்ப்ரூ வசதி என்று விளம்பரம் செய்யப்படுவதை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் படி, வெறும் குறிப்புப் பெட்டி. இரண்டாவது, படிவத்தை நிரப்பும் முறை. கொடுக்கப்பட்ட கட்டங்களுக்குள் நம் விதி அடங்கினால் கணக்கும் சரியாக நடக்கும். மூன்றாவது, விதிகள் எல்லாமே தனி பைல்களில் இருக்கும் முறை. இதில் நாமும் ஒரு பைலைச் சேர்த்துவிடலாம்.

பைலைத் திறந்து காட்டும் புரோகிராம்

மூன்றாவது படிக்கு நல்ல உதாரணம் பிசிஜென் என்னும் இலவச சாப்ட்வேர். ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. கணக்கிடும் பகுதி தனி, விதிகள் தனி என்று இதில் பிரித்து வைத்துள்ளனர். விதிகள் எல்லாம் எல்எஸ்டி என்ற துணைப் பெயர் கொண்ட சாதாரண டெக்ஸ்ட் பைல்கள். நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு வரியில் ஒரு பொருள். அதன் பண்புகள் டேப் கீயால் பிரிக்கப்பட்டிருக்கும். புத்தகத்தில் வந்த இனமும் நீங்கள் உருவாக்கிய சதுப்பு நில இனமும் இந்தப் புரோகிராமின் பார்வையில் ஒன்றுதான்.

இதில் குறையும் உண்டு. திரை பார்க்கச் சுமார்தான். எழுதும் முறையைக் கற்றுக் கொள்ள சில மாலை நேரங்கள் தேவைப்படும். ஒரு குறியீடு தவறினால் பிழைச் செய்தி வரும். ஆனாலும் எழுதியது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. எந்த நிறுவனமும் அதை நாளைக்கு எடுத்துக் கொள்ள முடியாது.

இணைய தளத்தை நம்பினால்?

இந்த விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008ல் வந்தது. அதற்கான கேரக்டர் பில்டர் முதலில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பதிந்து இயக்கும் புரோகிராமாகத்தான் இருந்தது. 2010 நவம்பரில் அதற்குப் பதிலாக, மைக்ரோசாப்டின் சில்வர்லைட் மூலம் பிரவுசரில் இயங்கும் பதிப்பு வந்தது. சில்வர்லைட் காலாவதியாகிக் கொண்டிருந்த நிலையில், 2020 தொடக்கத்தில் அந்தச் சேவை மூடப்பட்டது. தங்கள் கதாபாத்திரங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்காதவர்களுக்கு அவை அத்துடன் போயின.

ஐந்தாம் பதிப்பு 2014ல் வந்தது. அதற்காக 2017ல் தொடங்கப்பட்ட டி அண்ட் டி பியாண்ட் என்னும் தளம் மிகவும் வசதியானது. மந்திரம், மந்திரப் பொருள், அசுரன், தனித்திறன், சப்கிளாஸ் ஆகியவற்றைப் படிவங்களில் நிரப்பி நாமே உருவாக்கலாம். ஆனால் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு முழு கிளாஸை உருவாக்க அதில் வழி தரப்படவில்லை. ஒரு கிளாஸ் என்றால் 20 லெவல்களுக்கான அட்டவணை வேண்டும், மந்திரங்களின் எண்ணிக்கை வேண்டும், பிற கிளாஸுடன் கலந்தால் என்ன ஆகும் என்ற கணக்கும் வேண்டும். இதனைப் படிவத்தில் அடக்குவது எளிதல்ல என்பதை நானும் ஒப்புக் கொள்கிறேன்.

2022ல் இந்தத் தளத்தை ஹாஸ்ப்ரோ நிறுவனம் வாங்கியது. விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனமும் ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தமானதுதான். 2024ல் விதிப் புத்தகம் திருத்தி வெளியிடப்பட்டது. அதையொட்டி, கேரக்டர் ஷீட்டுகளில் இருக்கும் பழைய மந்திரங்களும் மந்திரப் பொருட்களும் புதிய வடிவத்திற்கு மாற்றப்படும் என்று ஆகஸ்ட் மாதம் தளம் அறிவித்தது. பழையதே வேண்டும் என்பவர்கள் ஹோம்ப்ரூவாக அதை மறுபடி உருவாக்கிக் கொள்ளலாம் என்றது. ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியதை ஏன் நாங்களே டைப் செய்ய வேண்டும் என்று பயனாளர்கள் கொதித்தனர். சில நாட்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஹோம்ப்ரூ என்பது கற்பனை மிகுந்த சிலருக்கு மட்டும் தேவைப்படும் கூடுதல் வசதி என்று எண்ணியவர்களுக்கு இது நல்ல பாடம். நேற்று வரை அதிகாரப்பூர்வமாக இருந்த விதியை இன்றும் தொடர வேண்டும் என்றால், அதற்கும் இந்த வசதிதான் தேவைப்படுகிறது.

நிறுவனங்களின் வாதம்

நிறுவனங்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். யாரோ எழுதிய விதியால் கணக்கு தவறினால் திட்டு விழுவது சாப்ட்வேருக்குத்தான். பிறர் புத்தகத்தை அப்படியே டைப் செய்து ஹோம்ப்ரூ என்ற பெயரில் பகிர்ந்தால் காப்புரிமைச் சிக்கல் வரும். அளவுக்கு மீறிய பலம் தரும் விதிகளால் ஆட்டம் கெட்டுப் போகலாம்.

முதலாவதற்கு, சொந்த விதிகளைத் தனி நிறத்தில் காட்டினால் போதும். இரண்டாவதற்கு, சொந்தக் குழுவுக்குள் பகிர்வதையும் உலகத்துக்கே வெளியிடுவதையும் பிரித்து வைக்கலாம். மூன்றாவது சாப்ட்வேரின் கவலையே அல்ல. எதை அனுமதிப்பது என்று முடிவு செய்யத்தான் மேஜையில் டஞ்சன் மாஸ்டர் இருக்கிறாரே!

நீங்கள் செய்ய வேண்டியது

இது போன்ற சாப்ட்வேர் ஒன்றில் பணமோ நேரமோ செலவிடும் முன் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

1. ஒரு குணத்தை 1 கூட்டும் தனித்திறன் ஒன்றை உருவாக்குங்கள். மதிப்பு 15 ஆக உள்ள குணத்தில் அதைச் சேர்த்துப் பாருங்கள். தொடர்புடைய மற்ற எண்களும் தாமாக மாறினால் வசதி உண்மையானது.

2. எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எக்ஸ்எம்எல், ஜேசன் அல்லது டெக்ஸ்ட் பைலாக வந்தால் நல்லது. பிடிஎப் மட்டும் போதாது. அது முடிந்துபோன கணக்கின் படம். அதிலிருந்து விதியைத் திரும்ப எடுக்க முடியாது.

3. இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்கிப் பாருங்கள்.

4. ஒருவர் உருவாக்கிய விதி குழுவில் மற்றவர்களுக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் ஐந்து பேரும் ஐந்து முறை டைப் செய்ய வேண்டும்.

5. நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு விதியையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில் எழுதி, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்கும் முதல் மூன்று சோதனைகள் பயன்படும். வீட்டு வரவு செலவுக் கணக்கு, முகவரிப் பட்டியல், போட்டோ ஆல்பம் என எந்த சாப்ட்வேராக இருந்தாலும், அதில் இல்லாத ஒரு பிரிவை நீங்களாகவே சேர்க்க முடிகிறதா, சேர்த்ததை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளிலேயே பார்த்துவிடுங்கள். ஆயிரம் பதிவுகளை உள்ளே போட்ட பிறகு பார்ப்பதைவிட, பத்துப் பதிவுகள் இருக்கும்போது பார்ப்பது எளிது.