அங்கவடி இல்லாத குதிரையும் ஏறக்கூடாத குதிரையும்

சென்னை அண்ணா சாலையில் இரண்டு குதிரைகள் உண்டு. தீவுத்திடல் அருகே, சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவைச் சுமந்து நிற்பது ஒன்று. தியாகராய நகருக்குத் திரும்பும் வழியில், ஜெமினி மேம்பாலத்தருகே, தன்னை இழுத்துப் பிடிக்கும் மனிதனிடமிருந்து திமிறிக்கொண்டிருப்பது மற்றொன்று. மாலை நெரிசலில் சிக்கி அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டுமே சிறிது அச்சமூட்டும். அச்சம் தரும் சிலைகளைச் சுற்றிக் கதைகள் முளைப்பது இயல்பு. அக்கதைகள் எதைச் சொல்கின்றன என்பதைவிட எதைக் கேட்கவிடாமல் தடுக்கின்றன என்பதே நமக்கு முக்கியம்.

மன்றோவின் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை வடிக்க மறந்துவிட்டார், சிலை திறந்தபின் பிழையை உணர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்று தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி மறதிக்காரர் அல்லர். இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் வடித்த நான்காம் ஜார்ஜின் குதிரைக்கும் சேணமோ அங்கவடியோ கிடையாது. அது அவர் விரும்பிய பாணி.

இந்தப் பொய்க்கதை தீங்கற்றது. அதே மன்றோவைப் பற்றிய இன்னொரு கதை அப்படியல்ல. இடைத்தரகரை ஒழித்து, அரசுக்கும் உழவருக்கும் நேரடி உறவை ஏற்படுத்திய இரயத்துவாரி முறையின் தந்தை என்று பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. இரயத்து என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்? பட்டா பெற்றவர் இருந்தார். அவருடைய வயலில் தலைமுறை தலைமுறையாக உழுத பறையரும் பள்ளரும் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றனர். மன்றோ இறந்தது 1827இல். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையரின் நிலையை விரிவாக எழுதி அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்ற உண்மை அப்போதுதான் அரசின் மேசைக்கு வந்தது. அதன் விளைவே 1892இன் பஞ்சமி நில ஆணை. அந்நிலங்களும் கைமாறிப்போயின. அவற்றை மீட்கக் கோரிய காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் காவல்துறையின் துப்பாக்கிக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியாயினர். மன்றோவின் அங்கவடியைத் தேடிய நகரம் இந்தக் கணக்கைத் தேடியதில்லை.

ஜெமினி சிலை குதிரைப் பந்தய ஒழிப்பின் நினைவு. 1974இல் தி.மு.க. அரசு அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் சூதாட்டமன்று, திறனாட்டம் என்று தீர்ப்பளித்தது. சிலை மனிதன் இன்னமும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கிண்டியில் குதிரைகள் மீண்டும் ஓடின. 1946 முதல் 99 ஆண்டுகளுக்கு அந்த மன்றத்திடம் இருந்த 160 ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 614 ரூபாய்ச் சொச்சம். 2024 செப்டம்பரில்தான் குத்தகையை இரத்து செய்து அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதி அலைந்தவர்கள் இந்த எண்களை ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கலாம்.

நம் பக்கமும் ஒரு குதிரை வீரன் உண்டு. ஓங்கிய வாளும் முறுக்கிய மீசையுமாக வெள்ளைக் குதிரையில் வரும் மதுரை வீரனை அருந்ததியர் தம் குலத்தானாகவே வணங்குகின்றனர். கள்வரை அடக்கி மதுரையைக் காத்தவன், அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளைக் காதலித்ததற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்பது கதை. ஆனால் அவன் காசி அரசனின் மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டான், சக்கிலியர் எடுத்து வளர்த்தனர் என்றொரு முன்கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அதையே ஊரெங்கும் பரப்பியது. சக்கிலியன் குதிரை ஏறுவதைச் செரிக்க முடியாதவர்களுக்கு அவன் உடலில் அரச இரத்தம் தேவைப்பட்டது. கொலையை மறைக்க முடியவில்லை, பிறப்பை மாற்றிவிட்டனர்.

இது பழங்கதையோடு முடியவில்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில், சொந்தமாகக் குதிரை வாங்கி ஓட்டிய தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரையை விற்றுவிடு என்று முன்பே மிரட்டினார்கள் என்றார் அவருடைய தந்தை. குதிரை இல்லாத நம் ஊர்களில் அதன் இடத்தில் இருப்பது புல்லட். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிச் சென்ற தலித் கல்லூரி மாணவரைச் சாதியைச் சொல்லி வழிமறித்துக் கையில் வெட்டினர் என்பது புகார். மதுரை வீரனுக்கும் வெட்டப்பட்டது கைதான். அதே ஆண்டு 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ என்ற தலைப்பு ஏன் அத்தனை பேரை உறுத்தியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதையும் தடுப்பது பிரிவு 3(1)(இசட்ஏ)(பி)யின்படி குற்றம். ஒரு குடியரசின் சட்டநூலில் ‘குதிரை’ என்ற சொல் இப்படி இடம்பெற நேர்ந்ததே நம் காலத்தின் நிலை. ஆனால் இத்தகைய தாக்குதல்களைக் ‘முன்விரோதம்’ என்று சுருக்கிவிடுவது காவல் நிலையங்களின் பழக்கம். அப்போது வண்டி வழக்கிலிருந்து காணாமற்போகிறது, அதோடு சாதியும் போகிறது. பாதிக்கப்பட்டோருடன் காவல் நிலையம் செல்லும் மாணவர்களும் தோழர்களும் முதல் தகவல் அறிக்கையில் இந்த உட்பிரிவு எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்த பிறகே வெளியே வரவேண்டும்.