குழந்தைக்கு மரத்துப்போகும் ஊசி: நிதானமே முதல் மருந்து

பல் சிகிச்சைக்காகக் குழந்தைக்கு மரத்துப்போகும் ஊசி போடும்போது மருத்துவர்கள் முதலில் மாற்ற வேண்டியது கருவியை அல்ல, வேகத்தை என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஊசி குத்தும் நொடியைவிட, மருந்து உள்ளே ஏறும்போது குழந்தை துடிப்பதே அதிகம். இந்த ஊசியில் உள்ள, அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்து அமிலத்தன்மை கொண்டது. அதை அவசரமாக அழுத்தினால் சதை சட்டென விரிந்து எரியும். எலும்போடு இறுக ஒட்டிய மேல் அண்ணத்தில் விரியவும் இடமில்லை. நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் போகாமல் செலுத்தினால் வேதனை குறைகிறது. ஊசிக்கு முன் தடவும் மரத்துப்போகும் ஜெல்லுக்கும் அதே நிதானம் வேண்டும். ஈறைப் பஞ்சால் துடைத்து, துளி ஜெல் தடவி, ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். எச்சில் ஈரத்தின் மேல் தடவிய கையோடு குத்தினால், குழந்தைக்குக் கசப்பு மட்டுமே மிஞ்சும். குத்தும்போது கன்னத்தை இழுத்துப் பிடித்து மெல்ல அசைப்பதும் உதவும்: தொடு உணர்வு வலியை மட்டுப்படுத்தும் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இலேயே விளக்கியிருக்கிறார்கள்.

குழந்தைகள் இந்த ஊசியை ஏற்க எந்த முறை சிறந்தது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே 2020இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதை ஏற்கிறோம். விலையுயர்ந்த கணினி ஊசிக் கருவியை எல்லோரும் வாங்க வேண்டும் என்று நாங்கள் கேட்காததற்கு அதுவே காரணம். ஆனால் காத்திருக்கச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. கூட்டம் அலைமோதும் அரசு மருத்துவமனையில் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. மிரண்டு தலையைத் திருப்பும் குழந்தையைச் சமாதானப்படுத்த ஆகும் நேரத்தையும், ஊசி பிசகிக் காயம்படும் அபாயத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வலி தெரியாதிருக்க மருந்தைக் கூட்டலாமே என்பதை மட்டும் அடியோடு மறுக்கிறோம். கிலோவுக்கு 4.4 மி.கி. என்ற உச்சவரம்பின்படி, 15 கிலோ குழந்தைக்கு 2 சதவீத லிக்னோகெயின் 3.3 மி.லி.யைத் தாண்டக் கூடாது. எடை பார்க்காமல் சிரிஞ்சில் மருந்தை ஏற்றவே கூடாது.

“வலிக்கவே வலிக்காது” என்று பொய் சொல்வதையும் நிறுத்த வேண்டும். “கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்” என்று சொல்லுங்கள், தூக்கினால் நிறுத்துங்கள். பெற்றோரும் வீட்டில் ஊசியைக் காட்டி மிரட்ட வேண்டாம். சிகிச்சை முடிந்தபின் மரத்த உதட்டைக் குழந்தை கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல், உணர்வு திரும்பும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.