சாரதியின் கண்ணுக்கு முன்னால் ஒரு கமரா

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நெடுந்தூர பஸ்களில் சாரதியைக் கண்காணிக்கும் கமரா என்ற பேச்சு வலுத்தது. யாராவது சங்கக்காரர் வாய் திறந்தால் போதும், "ஒழுங்காக ஓடுகிறவனுக்கு கமராவில் என்ன பயம்?" என்று கீழே நூறு கொமென்ட். அதே ஓகஸ்டில் தபால் ஊழியர்கள் கைவிரல் அடையாளப் பதிவுக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்குமாக வேலைநிறுத்தம் செய்தபோதும் இதே கேள்விதான்.

நான் கமராவுக்கு எதிரி இல்லை. ஞாயிறு இரவு பஸ் ஏறி திங்கள் காலை பாடசாலை வாசலில் இறங்கும் ஆசிரியர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! முன்னால் இருப்பவர் கண்ணயர்ந்தால் நாங்கள் ஐம்பது பேரும் மௌத்து. கண் மூடினால் அலாரம் அடிக்கும் கருவி நாளைக்கே வரட்டும்.

ஆனால் அந்தக் கமரா எதைப் பார்க்கிறது? இமை எத்தனை வினாடி மூடியிருந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கையில் போன் இருந்ததா, இவ்வளவுதான். நேற்று இரவு அவர் எத்தனை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார், எங்கே படுத்தார், ஆள் இல்லை என்று அடுத்த ட்ரிப்பும் அவர் தலையிலேயே விழுந்ததா என்பதெல்லாம் டிப்போவில் இருக்கும் கடமைப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுதுகிறவரின் மேசைக்கு மேல் கமரா இல்லை.

இது பஸ்ஸோடு நிற்கப் போவதுமில்லை. நாளை அம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வாகனத்துக்கும் வரும். குறுக்கே வந்த முச்சக்கரவண்டிக்காக சடுதியாக பிரேக் பிடித்த சாரதியை அந்தக் கருவி "அபாயமான ஓட்டம்" என்று குறித்து வைக்கும். வீட்டுக்குள் நெருப்பில் மாட்டிக்கொண்டவர்கள் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

விமானிகள் இந்தச் சண்டையை எப்போதோ போட்டு முடித்தவர்கள். 1950களில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன் விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியைச் செய்தபோது, ஒட்டுக்கேட்கும் வேலை என்று விமானிகள் சங்கம் எதிர்த்தது. 1960இல் குயின்ஸ்லாந்தின் மக்காயில் ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்த பிறகு அந்த நாடே அதைக் கட்டாயமாக்கியது. இன்று அது இல்லாமல் பெரிய பயணிகள் விமானம் பறப்பதில்லை. ஆனால் நிபந்தனைகளும் கூடவே வந்தன. பதிவு விபத்து விசாரணைக்குத்தான். அமெரிக்காவில் விசாரணைச் சபை அந்த ஒலிப்பதிவை வெளியிட சட்டமே தடை. பல விமானங்களில், பத்திரமாகத் தரையிறங்கி நின்ற பிறகு விமானியே அதை அழிக்கவும் முடியும்.

எங்கள் சாரதிக்கு அப்படி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறோம்? அவர் கொட்டாவி விட்ட பத்து வினாடி வீடியோ மறுநாள் டிக்டொக்கில் சிரிப்புப் பாட்டோடு வராது என்று யார் பொறுப்பு? நம்மவர்கள் எதை எதை ஷெயார் பண்ணுவார்கள் என்று தெரியாதா!

சங்கங்கள் "கமரா வேண்டாம்" என்று சொன்னால் மக்கள் பக்கம் இருந்து ஒரு சல்லிக்கு ஆதரவு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பூட்டுங்கள் என்று முதலில் சொல்லட்டும். சொல்லிவிட்டு, அலாரம் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சாரதியின் முந்திய மூன்று நாள் கடமை நேரமும் அதே அறிக்கையில் வரவேண்டும் என்று கேட்கட்டும். வீடியோவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதையும் கமரா பூட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கட்டும். ஒரே டிப்போவில் ஒரே மாதத்தில் பத்துப் பேருக்கு அலாரம் அடித்தால் விளக்கக் கடிதம் அந்தப் பத்துப் பேருக்குப் போகக்கூடாது, டிப்போ முகாமையாளருக்குப் போகவேண்டும்.