வேலை மாறினா பி.எஃப்-ஐ உருவிடலாமா மச்சி?

ஹாஸ்டல் முழுக்க பிளேஸ்மென்ட் காய்ச்சல். ஆஃபர் லெட்டர் வாங்கின சீனியர் ஒருத்தர், மெஸ்ல அதை ஃபிரேம் போட்டு மாட்டாத குறையா எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தார். வருஷத்துக்கு மூணரை லட்சம்! ஆனா மொபைல்ல கணக்குப் போட்டதும் முகம் சுருங்கிடுச்சு. கம்பெனி கட்டுற பி.எஃப். பங்கும் அந்த மூணரைக்குள்ளதான் அடக்கம். அது போக அவர் அடிப்படைச் சம்பளத்துலயும் 12 சதவீதம் பிடிப்பாங்க.

பக்கத்துல இருந்த இன்னொரு சீனியர் ஆறுதல் சொன்னார்: "விடு மச்சி, ரெண்டு வருஷத்துல கம்பெனி மாறுவோம்ல, அப்ப மொத்தமா உருவிக்கலாம். பைக் வாங்க காசு ஆச்சு!"

எனக்கு சாம்பார் தொண்டைக்குள்ள இறங்கலை. ஏன்னா, அப்படி வாங்கின பைக் ஒண்ணு எங்க வீட்டு வாசல்லயே நிக்குது.

அண்ணனோடது. 2022-ல முதல் வேலை, அடிப்படைச் சம்பளம் 15,000. மாசம் 1,800 இவன் பங்கு, 1,800 கம்பெனி பங்கு. இதுல ஒரு விஷயம் நம்ம பசங்க பல பேருக்குத் தெரியாது. கம்பெனி போடுறது முழுசா பி.எஃப்-ல விழாது. 1,250 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும், மீதி 550-தான் பி.எஃப். ஆக மாசம் 2,350. மூணு வருஷம், எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வட்டி... 2025-ல வேலையை விட்டப்போ கணக்குல சுமார் 95 ஆயிரம் இருந்தது.

தெருமுனை பிரவுசிங் சென்டர்ல ஒரு அண்ணாச்சி. பி.எஃப். விஷயத்துல ஏரியாவுக்கே அட்வைஸர் அவர்தான்! பி.எஃப். காசுக்குப் படிவம் 19, பென்ஷன் காசுக்குப் படிவம் 10சி, ரெண்டையும் தட்டிக் கொடுத்துட்டு 2,000 ரூபாய் ஃபீஸ் வாங்கிட்டார். படிவம் 13 பத்தி மூச்சே விடலை. அதுதான் பழைய கணக்கைப் புதுக் கம்பெனி கணக்குக்கு மாத்துற படிவம். அதைப் போட்டா யார் கைக்கும் காசு வராது. அண்ணாச்சி கைக்கும்தான்! யாராவது அட்வைஸ் பண்ண வந்தா, இவருக்கு எதுல வருமானம்னு முதல்ல பாருங்க பாஸ். 'டாக்ஸ் மிச்சம் தம்பி'ன்னு பாலிசி விக்க வர்ற மாமாவுக்கும் இதே டெஸ்ட்தான்.

காசு வந்தப்போ பத்து சதவீதம், அதாவது 9,500 ரூபாய்கிட்ட வெட்டு. அண்ணன் அலறிட்டான். தொடர்ச்சியா அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா, அது வரி போடக்கூடிய வருமானம். தொகை 50,000-ஐத் தொட்டா டி.டி.எஸ். பிடிப்பாங்க. கணக்குல பான் இல்லைன்னா வெட்டு இன்னும் பெருசு. இதே மூணு வருஷத்தைப் புதுக் கம்பெனிக்கு மாத்தியிருந்தா, அங்க இன்னும் ரெண்டே வருஷத்துல அஞ்சு ஆகியிருக்கும்.

நியாயமா சொல்லணும்னா, அந்த 9,500 ஒரு பெரிய இழப்பே இல்லை. 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் சம்பாதிக்கிறவங்களுக்கு வரி இல்லை. ரிட்டர்ன் போட்டா அண்ணனுக்குத் திரும்பக் கிடைச்சிடும். போனது வேற. 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா, காசு எத்தனை வருஷத்துல ரெட்டிப்பாகும்னு தெரியும். எட்டு சதவீதம்னா ஒன்பது வருஷம். அண்ணனுக்கு 25 வயசு. 34-ல 1.9 லட்சம், 43-ல 3.8, 52-ல 7.6 லட்சம். ஒரு பைசா கூடப் போடாமலே! பைக்குக்கு இப்பவே சைலன்ஸர்ல ஓட்டை.

இந்தக் கணக்கை நான் வீட்டுல போட்டுக் காட்டினப்போ அண்ணன் சிரிச்சான். அப்பா சிரிக்கலை.

அப்பாவுக்கு 56 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல ஏழு வருஷம், திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஆறு வருஷம். அப்புறம் சொந்தமா ஒரு கடை, அதுல நஷ்டம். இப்ப ஒரு பம்ப் கம்பெனியில ஆறு வருஷமாச்சு. மில்லை விட்டப்போ பி.எஃப், பென்ஷன் ரெண்டையும் எடுத்தார். தாத்தாவுக்கு ஆபரேஷன். பனியன் கம்பெனியை விட்டப்பவும் எடுத்தார். எனக்கு ஒண்ணாம் கிளாஸ் அட்மிஷன்.

பி.எஃப். பென்ஷனுக்குக் குறைஞ்சது பத்து வருஷ சர்வீஸ் வேணும். 10சி போட்டு அந்தக் காசை வாங்கிட்டா, அந்த சர்வீஸும் கணக்குல இருந்து போச்சு. 58 வயசுல அப்பாவுக்கு இருக்கப்போறது எட்டு வருஷம். மொத்தத்துல 21 வருஷம் சம்பளத்துல பிடிச்சும், பென்ஷன் கிடையாது. அதே 10சி-யில காசுக்குப் பதிலா ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கியிருந்தா, பழைய வருஷங்கள் அப்படியே நின்னிருக்கும். பெரிய தொகை இல்லைதான். ஆனா மாசாமாசம் வரும், அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கும் வரும். அந்த சர்டிஃபிகேட் பத்தி அவர்கிட்ட யாரும் சொல்லலை.

2025 அக்டோபர்ல பி.எஃப். வாரியம் ஒரு முடிவெடுத்தது. வேலை போனா 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், கணக்கை முழுசா முடிக்க 12 மாசம், பென்ஷன் காசை எடுக்க 36 மாசம் காத்திருக்கணும். 'எங்க காசு, எங்க இஷ்டம்'னு ஒரே கூச்சல். அண்ணனும் கத்தினான். எனக்கும் பாதி நியாயம்னுதான் பட்டது. வேலை இல்லாம வாடகை கட்டுறவனுக்கு 52 வயசு கணக்கு எதுக்கு? ஆனா அந்த 36 மாசத்தைப் படிச்சப்போ எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

மெஸ் சீனியர் கடைசியா என்கிட்டயே கேட்டார், "அப்ப நான் என்னடா பண்ணணும்?" பெருசா ஒண்ணுமில்லை சீனியர். முதல் கம்பெனியில கொடுக்கிற யு.ஏ.என். நம்பரைப் பத்திரமா வெச்சுக்கோங்க, அது ஆயுசுக்கும் ஒண்ணுதான். அடுத்த கம்பெனியில அதையே கொடுங்க, புதுசு வாங்காதீங்க. பழைய காசு புதுக் கணக்குக்கு வந்துடுச்சான்னு பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. வரலைன்னா படிவம் 13. ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் கிடையாது.

போன ஞாயிறு அண்ணன் மொபைல்ல அவனோட புதுக் கணக்கு பாஸ்புக்கைத் திறந்தான். பூஜ்யத்துல ஆரம்பிச்சு நாலைஞ்சு வரி. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு எட்டிப் பார்த்தார். "இதுல என்னோடதையும் பார்க்க முடியுமாப்பா?"ன்னார்.