படித்தவர் கையில் உளி

நன்னூற் பாயிரத்தை மனனஞ் செய்யாத தமிழ் மாணவரை ஒரு காலத்திற் காண்பதரிது. அங்கே நூலின் மாண்பைக் கூறவந்த பவணந்தி முனிவர் தச்சனையே துணைக்கழைக்கிறார். மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சனுடைய எற்றுநூல். மாந்தர் மனத்தின் கோணலைத் தீர்ப்பது அறிவுநூல். இவ்வுவமையைத் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் பொருள் விரித்துக் கற்பித்து வந்திருக்கிறார்கள். ஆயினும், கற்பித்தவர்களுள் எத்தனை பேர் காவி தோய்ந்த நூலை மரத்தின்மீது இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டு, அது பதித்த கோட்டை வாளினாலே தொடர்ந்து சென்றிருப்பர்? உவமேயத்தை நாம் வைத்துக்கொண்டோம். உவமானத்தை இன்னொரு சாதியாரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் உளிக்கும் சீவுளிக்கும் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மரவேலையைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர், ஓய்வுப் பொழுதிலே தம் வீட்டுக்கு வேண்டிய வாங்கையோ மேசையையோ புத்தகத் தட்டையோ தம் கையாற் செய்துகொள்வதைப் பற்றியே எழுத விழைகிறேன். அதனால் அவர் பெறும் பெரும்பேறு, செய்பொருள் ஒன்றை மதிப்பிடும் கண் என்பது என் துணிபு. கவிதை எழுத முயன்றவர் கவிதையைப் படிக்கும் முறை வேறு என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வெண்டளை பிறழாமல் நாலடி அமைக்கப் பாடுபட்ட மாணவன், பிறரது வெண்பாவிலே செப்பலோசை தங்குதடையின்றி ஓடுவதைக் கண்டு கொள்ளும் வியப்பு, யாப்பிலக்கணச் சூத்திரத்தை மட்டும் பாடமாக்கியவனுக்கு வாய்ப்பதில்லை. மரத்துக்கும் அது பொருந்தும்.

பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தோடு யாரும் இதில் இறங்கவேண்டாம். நல்ல உளி இரண்டு, பல் தீட்டிய வாள் ஒன்று, சீவுளி, மூலைமட்டம், கொட்டாப்புளி, சாணைக்கல் என்று வாங்கி முடிப்பதற்குள், அந்தப் பணத்துக்குக் கடையிலே பிளாஸ்ரிக் கதிரைகள் பல வாங்கிவிடலாம். மரத்தின் விலை வேறு. நேரத்தைக் கணக்கிற் சேர்த்தாலோ நட்டமே மிஞ்சும். என் வீட்டுப் பின்விறாந்தையில் மூன்றரை அடி நீளமான வேப்பமர வாங்கொன்றைச் செய்து முடிக்க ஆறு கிழமைகளின் சனி ஞாயிறுகள் எனக்குச் சென்றன. தொழில்வல்ல தச்சர் ஒருவர் அதனை இரண்டு நாளில் முடித்துக் கைகழுவியிருப்பார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்க்காலை அதியமானுக்கு உவமை சொன்னார் ஒளவையார். புறநானூற்றின் அந்தத் தச்சனிடம் திறமையும் இருந்தது, மாதமும் இருந்தது. என்போன்றோரிடம் இருப்பது மாதம் மட்டுமே.

ஆனால் அந்த ஆறு கிழமைகளிலே மரம் கற்பிப்பவை பல. அறுபட்டுப் பலகையான பின்னரும் மரம் சும்மா கிடப்பதில்லை. மாரியில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. கார்த்திகையில் தோள்கொடுத்துத் தள்ளவேண்டியிருந்த கதவு ஆடியிலே தானாகத் திறந்துகொள்வதை அறியாத யாழ்ப்பாணத்துப் பழைய வீடு இல்லை. இவ்விரிவும் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை என்பதே இதிலுள்ள நுட்பம். நார் ஓடும் நீளவாட்டிலே மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம். அகலவாட்டில்தான் மரம் அசைகிறது. அதிலும், மரத்தின் வளையங்களை ஒட்டியோடும் திசையிலுள்ள அசைவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையிலுள்ள அசைவைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகையால் ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும், அறுத்த வாட்டம் வேறாயின், வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். இரண்டடி அகலமான மேசைப்பலகையொன்று பருவத்துக்குப் பருவம் கால் அங்குலம் வரையில் அகன்றும் ஒடுங்கியும் வரக்கூடும். அதனை நாற்புறமும் பசையிட்டு ஆணியறைந்து இறுக்கினால், ஒன்றிற் பலகை வெடிக்கும். அன்றேற் சட்டம் பிளக்கும்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு, பழைய வீடொன்றின் முதிரைக் கதவருகே சென்று நின்று பாருங்கள். சுற்றிலும் சட்டங்கள், சட்டங்களின் உட்புறத்தே ஓடும் காடி, அக்காடிக்குள் பசையுமின்றி ஆணியுமின்றி நிற்கும் நடுப்பலகை. மாரியில் அது காடிக்குள் விரிந்துகொள்ளும், கோடையில் ஒடுங்கிக்கொள்ளும், கதவின் அளவோ மாறுவது சிறிதே. அலங்காரமென்று நாம் எண்ணியிருந்த அந்தச் சதுரங்கள், பெயர் அறியப்படாத ஒருவர் மரத்தின் இயல்போடு செய்துகொண்ட உடன்பாடு என்பது அப்போதுதான் புலனாகிறது. சட்டங்கள் கூடும் மூலையிலே ஒன்றன் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்றதன் துளையிற் செருகி, குறுக்கே மரமுளை அடித்திருப்பார். அந்த நாக்கும் துளையும் மயிரிழை இடைவெளியுமின்றிப் பொருந்துவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டுமென்பது, ஒரேயொரு துளையையாவது தம் கையால் வெட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். போர்க்காலத்திலே கூரையும் கதவும் பெயர்க்கப்பட்டு வெறுஞ் சுவர்களாய் நின்ற வீடுகளை நினைக்கும்போது, அவற்றோடு போன வேலைப்பாட்டின் அளவு இப்போது நெஞ்சை அதிகமாக உறுத்துகிறது.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி என்பவர் 1974ஆம் ஆண்டில் ஒரு விந்தையான காரியஞ் செய்தார். சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலுங் கொண்டு எவரும் செய்துகொள்ளத்தக்க மேசை, கதிரை, கட்டில் முதலியவற்றின் வரைபடங்களை, தபாற் செலவை மட்டும் அனுப்பியோருக்கு இலவசமாகக் கொடுத்தார். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் அவற்றை எடுத்தாளக் கூடாது என்பது அவர் இட்ட ஒரே தடை. மலிவாகத் தளபாடம் கிடைப்பதற்காக அவர் இதைச் செய்தாரென்று கொள்வது தவறு. ஒரு மேசை ஏன் ஆடுகிறது, எதனால் நிலைத்து நிற்கிறது என்பதைத் தம் கையால் அறிந்த ஒருவர், பின்னர் கடைக்குச் செல்லும்போது பளபளப்புக்கு ஏமாறமாட்டார் என்பதே அவருடைய நோக்கம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைமேல் மரத்தின் படத்தை ஒட்டி, அதனை அலுமாரியென்று விற்கும் இக்காலத்திலே அவருடைய நோக்கத்தின் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

இனி, இதில் உள்ள கசப்பான பகுதிக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, மரத்தூள் படிந்த உடையோடு நின்ற என்னைப் படலையடியிற் கண்ட அயலவர் ஒருவர், "என்ன ஐயா, வேலைக்கு ஆள் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். பரிவோடு கேட்ட கேள்விதான். ஆனால் அப்பரிவினுள்ளே நம் சமுதாயத்தின் நெடிய வழக்கமொன்று உட்கார்ந்திருக்கிறது. கைவேலை என்பது 'ஆள்' செய்வது. படித்தவர் செய்தால் அது இல்லாமையின் அடையாளம். கோயில் வீதியிலே தேரின் சிற்ப வேலையை அண்ணாந்து பார்த்து மெய்ம்மறப்போர், அத்தேரைச் செய்தவருடைய வீட்டிற் சம்பந்தஞ் செய்வீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவர்.

1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளை அரிதின் முயன்று பதிந்து வைத்தார். தந்தையின் பட்டறையிலே மைந்தன் கற்கும் பரம்பரை முறையை அவர் மிக உயர்வாக மதித்தார். அந்நூலுக்கு இந்நாடு பட்ட கடன் பெரிது. ஆயினும் இந்த ஓரிடத்தில் அவரோடு என்னால் உடன்பட முடியவில்லை. பிறப்போடு தொழிலைக் கட்டிவைத்த முறை, திறமையைக் காத்தது உண்மையே. அத்திறமை உடையோரைத் தாழ்த்தி வைக்கவும் அதுவே உதவியது. தச்சர் வீட்டுப் பிள்ளைகள் இன்று உளியை வைத்துவிட்டு உத்தியோகத்தையோ வெளிநாட்டையோ நாடிச் செல்கிறார்களென்றால், கூலி குறைவு என்பது மட்டுமே காரணமென்று நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்நோய்க்குப் பாடசாலையில் மருந்து தேடிய நாடுகள் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866ஆம் ஆண்டிலேயே கைவேலை பொதுக்கல்வியில் இடம்பெற்றது. அவர் வழியைப் பின்பற்றிச் சுவீடனிலே நேஸ் என்னுமிடத்தில் ஒட்டோ சலமன் ஆசிரியர்களுக்கான மரவேலைப் பயிற்சியை நடத்தினார். பல நாட்டு ஆசிரியர்களும் அங்கே சென்று பயின்றனர். பிள்ளை செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். ஆடம்பரப் பொருளாக இருத்தலாகாது. செய்த பொருள் பிள்ளைக்கே உரியது. ஆசிரியர் அதிற் கைவைத்துத் திருத்தித் தரலாகாது என்பன அவர் கொண்ட விதிகள். தச்சர்களை உருவாக்குவது அவர் எண்ணமன்று. உடலுழைப்பை மதிக்கும் மனிதர்களை உருவாக்க விரும்பினார். அவ்விரு நாடுகளிலும் இன்றைக்கும் கைவேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய பாடம்.

நாமும் முயலாமலில்லை. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள் வகுப்பறைக்குள் வந்தன. மரவேலையும் அவற்றுள் அடங்கியது. 1977இல் ஆட்சி மாறிய பின் அவை கைவிடப்பட்டன. அரசியலை மட்டுங் குறைகூறிப் பயனில்லை. கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதாமை ஒருபுறமிருக்க, பாடத்தின் பெயரிலேயே தொழில் என்ற சொல் இருந்தது. அது தம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயிலிலிருந்து திருப்பிவிடும் பாதையென்று பெற்றோர் அஞ்சினர். தொழிலுக்கு ஆயத்தமாக அதனை வைக்காமல், செய்யுள் படிப்பதையும் கேத்திரகணிதத்தையும் போலக் கல்வியின் ஒரு கூறாக வைத்திருந்தால் அந்த அச்சத்துக்கு இவ்வளவு இடமிருந்திராது என்பது என் கருத்து.

படித்தவர்கள் தாமே தளபாடஞ் செய்யத் தொடங்கினால் தச்சருடைய பிழைப்பு என்னாவது என்று கேட்பாரும் உளர். ஆறு கிழமையில் ஒரு வாங்கு செய்பவரால் எவருடைய உலையும் அணைந்துவிடாது. மாறாக, அந்த வாங்கைச் செய்தவர் அடுத்தமுறை தச்சரிடம் கூலி பேசும்போது வாய் சற்றுத் தயங்கும். "இதுக்கோ இவ்வளவு?" என்று கேட்கும் பழக்கம் அவரிடமிருந்து போய்விடும். நான் அறிந்தவரையில் வேறெந்த உபதேசத்தாலும் அது போனதில்லை.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுமுறைக் காலத்தில் ஒரு பாடசாலை, ஒரு வாசிகசாலை, ஏன், நாலைந்து வீட்டார் சேர்ந்தும் இதைத் தொடங்கலாம். முதலில் பாலை மரத்தை நாடவேண்டாம்; அதன் வைரம் புதிய கையையும் புதிய உளியையும் ஒருங்கே சோதித்துவிடும். வேம்பு போதும். பலா கிடைத்தால் நல்லது. ஆனால் சொந்த வளவிலே நின்றாலும் அனுமதியின்றிப் பலாவைத் தறிப்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமென்பதை நினைவிற் கொள்க. கழித்துப்போட்ட பழைய நிலைகளும் கதவுகளும், ஆணியைக் கவனமாகப் பிடுங்கியெடுத்தால், நன்கு உலர்ந்த மரமாக உதவும்.

ஓரிடத்தில் சலமனின் விதியை நாம் மீறவேண்டும். கைவேலையைக் கற்பிக்க வேண்டியவர் கைவினைஞரல்லர், பயிற்சி பெற்ற ஆசிரியரே என்பது அவர் கொள்கை. அவருடைய நாட்டுக்கு அது பொருந்தியிருக்கலாம். இங்கே ஊர்த் தச்சரையே அழைக்கவேண்டும். மற்ற ஆசிரியர்களுக்குரிய கதிரையில் இருத்தி, அவர்களுக்குரிய வேதனத்தைக் கொடுத்து, மாணவர்கள் எழுந்துநின்று வணக்கஞ் சொல்ல, அவர் உளி தீட்டுவதிலிருந்து தொடங்கட்டும். முதற் பொருளாக ஒரு சிறு வாங்கைச் செய்யலாம். செய்தவர் அதனை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்; கண்காட்சிக்கென்று கண்ணாடி அலுமாரியிலே பூட்டி வைக்கவேண்டாம்.